படம் முடிந்ததும் என்ன பேசுவது? ‘பேட்டில் ஆஃப் சிலி’யை இணையத்தில் திரையிட்ட அனுபவம்

அரசியல் ஆவணப்படத் திரையிடல்களில் பேச்சு எப்படிப் போகும் என்பது அந்தப் பக்கம் நடமாடியவர்களுக்குத் தெரியும். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர் ஆரம்பிப்பார். அவர் பேசுவது படத்தைப் பற்றி இருக்காது. படம் பார்க்காமலே பேசியிருக்கக்கூடிய உரை அது. அவருக்குப் பதில் சொல்ல இன்னொருவர் எழுவார். மற்றவர்கள் கைபேசியை நோண்டுவார்கள். அரங்கத்தில் நடந்தால் வெளியே வந்து டீக்கடையிலாவது நல்ல பேச்சு கிடைத்துவிடும். இணையத்தில் அந்த வசதியும் கிடையாது. ‘லீவ்’ பொத்தானை அழுத்தினால் எல்லாம் முடிந்தது.

எங்கள் குழுவும் இப்படித்தான் தடுமாறிக்கொண்டிருந்தது. நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று சேர்ந்த சின்னக் குழு. கோவை, மதுரை, சென்னையில் பாதிப் பேர். மீதிப் பேர் சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ. சிலி நாட்டு இயக்குநர் பத்ரிசியோ குஸ்மானின் ‘பேட்டில் ஆஃப் சிலி’யை எடுத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு ஒரு வழிக்கு வந்தது. வரலாற்றுக்குத் தீர்ப்பு எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு, திரையில் தெரிந்ததைப் பற்றி மட்டும் முதலில் பேசினோம். கேமரா எங்கே நின்றது, யார் பிடித்தார்கள், அங்கே அவர்களை யார் உள்ளே விட்டார்கள் என்ற கேள்விகள்தான். சின்ன மாற்றம்தான், ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்கள் பழைய மாதிரி இல்லை. அதை நடத்திய விதத்தை, வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

படத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. சிலியில் 1970 செப்டம்பர் 4 அன்று நடந்த அதிபர் தேர்தலில் சல்வடோர் அயெந்தே சுமார் 36 சதவீத வாக்குகளோடு முதலிடம் பிடித்தார். இடதுசாரிக் கட்சிகளின் ‘மக்கள் ஐக்கியம்’ கூட்டணி ஆட்சிக்கு வந்தது. 1971 ஜூலையில் செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது, எதிர்க்கட்சிகளும் சேர்ந்தே வாக்களித்தன. அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் நாட்டையே முடக்கியது. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் அதிபர் மாளிகையான லா மொனெடாவின் மீது விமானத்திலிருந்து குண்டு வீசி ஆட்சியைப் பிடித்தது. ராணுவத் தளபதி பினோசே 1990 வரை அதிகாரத்தில் இருந்தார்.

இதன் கடைசி மாதங்களை நடந்துகொண்டிருக்கும்போதே படமாக்கியது ஐந்து பேர் கொண்ட குழு. கறுப்பு வெள்ளை, 16 எம்எம். ஃபிலிம் கிடைக்கவில்லை, பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கருக்குக் கடிதம் எழுதி, அவர் ஏற்பாடு செய்து அனுப்பியதை வைத்துத்தான் எடுத்தார்கள். கையிருப்பு குறைவு என்பதால் கண்டதையும் சுட முடியாது. எதை எடுக்க வேண்டும் என்று திட்டமிட்டு, சுவரில் ஒட்டி வைத்து வேலை செய்தார்கள். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு குஸ்மான் பிடிபட்டு, தடுப்பு முகாமாக மாற்றப்பட்டிருந்த தேசிய விளையாட்டரங்கில் இரண்டு வாரம் இருந்தார். ஒளித்துவைத்த ஃபிலிம் சுருள்கள் ஸ்வீடன் தூதரகத்தின் உதவியோடு கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறின. படத்தொகுப்பு கியூபாவில் நடந்தது. மூன்று பாகங்களும் 1975, 1976, 1979 என்று வெளிவந்தன. மொத்தம் சுமார் நாலரை மணி நேரம்.

நாலரை மணி நேரப் படத்தை ஒரே மூச்சில் இணையத்தில் காட்டுவது வீண் வேலை. வாரத்துக்கு ஒரு பாகம் என்று பிரித்தோம். சனிக்கிழமை இந்திய நேரம் மாலை 7:30. அது லண்டனில் பிற்பகல் 3 மணி, டொராண்டோவில் காலை 10, சிங்கப்பூரில் இரவு 10. சிங்கப்பூர்க்காரர்கள்தான் பாவம், கொட்டாவியோடு உட்கார்ந்திருப்பார்கள். இதெல்லாம் கோடைக்காலக் கணக்கு. குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் ஊர்களில் ஒரு மணி நேரம் இடிக்கும், அதனால் அழைப்பிலேயே ஒவ்வொரு ஊரின் நேரத்தையும் தனித்தனியாகப் போட்டுவிட வேண்டும். “உங்க ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கோங்க” என்று விட்டால் பாதிப் பேர் படம் முடியும்போது வருவார்கள்.

அனுமதி விஷயத்தில் முதல் நாளே வாக்குவாதம் வந்தது. “யூடியூப்ல கிடைக்குதே சார், எதுக்குப் பணம் கட்டணும்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிக் கிடைக்கும் பிரதிகளில் சப்டைட்டில் ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் நிற்கும். யாராவது புகார் கொடுத்தால் திரையிடல் அன்றைக்கே படம் காணாமல் போகும். பார்க்கப் போவது ஒரு படைப்பு, அதைப் பிழைப்பாகக் கொண்டு இன்னொருவர் இருக்கிறார் என்பதும் உண்டு. விநியோக உரிமை வைத்திருப்பவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினோம். எழுதும்போது எத்தனை பேர் பார்ப்பார்கள், கட்டணம் வசூலிக்கிறோமா, மூடிய குழுவா, எந்தத் தேதிகள், எந்தெந்த நாடுகளிலிருந்து பார்ப்பார்கள் என்ற ஐந்தையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக அவர்கள் கேட்டு, நீங்கள் பதில் சொல்லி, ஒரு மாதம் ஓடிவிடும். கட்டணத்தைக் குழுவில் பகிர்ந்துகொண்டோம். குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வேலை செய்யும் லிங்க் வந்தது.

அடுத்தது, ஸ்கிரீன் ஷேர் பண்ணக் கூடாது. இதை அழுத்தியே சொல்வேன். கூட்டச் செயலியில் ஒருவர் படத்தை ஓட்டி மற்றவர்கள் பார்ப்பது, ஸ்லைடு காட்டுவதற்குச் சரி. ஓடும் படம் அதில் துண்டு துண்டாக விழும். ஓட்டுபவரின் இணையம் ஒரு நிமிடம் தொங்கினால் எல்லோருக்கும் தொங்கும். கணினியின் ஒலியைப் பகிரும் பெட்டியில் டிக் போட மறந்தால் ஊமைப் படம்தான். லிங்க்கை எல்லோருக்கும் கொடுத்து, “மூணு, ரெண்டு, ஒண்ணு, ப்ளே” என்று சொல்லி அவரவர் திரையில் ஓட்டுவதே நல்லது. ஓரிரு விநாடி முன்பின் இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கூட்டச் செயலி ஒரு ஓரத்தில் மைக் அணைத்தபடி திறந்திருக்கும், சாட்டில் எழுதலாம். நாளுக்கு 1.5 ஜிபி டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் எங்கள் குழுவில் நிறைய பேர். அவர்களிடம் படத் தரத்தை 480-க்கு இறக்கச் சொன்னோம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய 16 எம்எம் படத்துக்கு அது போதும். செயலியின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதால் உரையாடலுக்கு மட்டும் கட்டணக் கணக்கு உள்ள ஒருவரைப் பிடித்துக்கொண்டோம்.

மொழிதான் பெரிய தடை. படம் ஸ்பானிய மொழியில், சப்டைட்டில் ஆங்கிலத்தில். குஸ்மானின் ஆட்கள் வீதியில் பேசுபவர்களை எடுத்திருக்கிறார்கள். வீதியில் யாரும் நிறுத்தி நிதானமாகப் பேச மாட்டார்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்க முடியாதவர்களுக்குப் பாதி வசனம் தப்பிவிடும். எங்கள் குழுவில் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், நல்ல குரல். முன்கூட்டியே படத்தைப் பார்த்து, சப்டைட்டிலின் சாரத்தைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். தனியாக ஒரு குரல் அழைப்பு. விரும்பியவர்கள் ஒரு காதில் ஹெட்போன் மாட்டி அதைக் கேட்டபடி படம் பார்த்தார்கள். வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. மூன்று பேர் மாறி மாறிக் கத்தினால், “இவர் லாரி முதலாளிகளின் ஆள், கடையைத் திறக்கக் கூடாது என்கிறார், அந்த அம்மா ரேஷன் வரிசையில் நிற்பவர், திட்டுகிறார்” என்று சொல்வார். அவ்வளவு போதும். வார்த்தைக்கு வார்த்தை போக நினைத்தால் குரல் படத்தைத் துரத்தத் தொடங்கிவிடும்.

இதோடு ஒரு பெயர்த்தாள். ஒரே பக்கம், அதற்கு மேல் வேண்டாம். படத்தில் அடிக்கடி வரும் கட்சிகள் (சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, தேசியக் கட்சி), நான்கைந்து ஆட்கள், ஏழெட்டுத் தேதிகள். தளபதி கார்லோஸ் ப்ராட்ஸ் யார், அவர் 1973 ஆகஸ்ட் 23 அன்று விலகியதும் அந்த இடத்துக்கு வந்தது பினோசே என்பதெல்லாம் படத்தைப் பார்க்கும்போது தேட முடியாது. பெயர்த்தாளில் கருத்து எழுதாதீர்கள். “அமெரிக்க ஏகாதிபத்தியச் சதி” என்று தலைப்புப் போட்டால் மாற்றுக் கருத்துள்ளவர் அங்கேயே வாயை மூடிக்கொள்வார். அமெரிக்கா என்ன செய்தது என்பதற்கு ஆவணம் இருக்கிறது, அதைப் போடலாம். 1975-இல் அமெரிக்க செனட்டில் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு வெளியிட்ட அறிக்கையே சிலியில் சிஐஏ செய்த ரகசிய வேலைகளைச் சொல்கிறது. ஆட்சியை எதிர்த்த ‘எல் மெர்கூரியோ’ நாளிதழுக்கு மட்டும் 15 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது.

இனி பேச்சுக்கு வருகிறேன். முதல் பாகத்தின் கதை 1973 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலோடு தொடங்குகிறது. தேர்தலுக்கு முன் படக்குழு மைக்கோடு வீதியில் இறங்கி, யாருக்கு வாக்கு என்று ஒவ்வொருவராகக் கேட்கிறது. முடிவில் ஆளும் கூட்டணிக்குச் சுமார் 43 சதவீதம். அதிபரைப் பதவி நீக்க எதிர்க்கட்சிகளுக்குத் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. வாக்குச் சீட்டில் முடியாது என்று தெரிந்த பிறகு எதிர்த்தரப்பு வேறு வழிகளைத் தேடுவதுதான் மீதிக் கதை.

வழக்கமான “படம் எப்படி இருந்தது?” என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. அதற்கு “அருமை” என்று பதில் வரும், அதோடு பேச்சு செத்துவிடும். முன்பே மூன்று சின்னக் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, அவை படத்தில் வரும் நிமிடத்தைக் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள். அவற்றை ஒலி இல்லாமல் மறுபடி ஓட்டச் சொன்னேன். ஒலியை எடுத்துவிட்டால் சப்டைட்டிலைத் துரத்தும் கண் சும்மா ஆகிவிடுகிறது, அப்போதுதான் மக்கள் படத்தைப் பார்க்கிறார்கள்.

முதல் காட்சி, வசதியான ஒரு வீட்டுக்குள் நடக்கும் பேட்டி. அந்த வீட்டார் ஆட்சியை எதிர்ப்பவர்கள். பேட்டி நடக்கும்போது படக்குழுவின் கேமராமேன் ஹோர்ஹே முல்லர் பிடித்த கேமரா பேசுபவரை விட்டுவிட்டு, மெதுவாக அந்த வீட்டின் அலங்காரப் பொருட்கள் மேல் போகிறது. “இது என்னங்க, பேசுறவங்களை மதிக்காம வீட்டு சாமானைக் காட்டுறாரு?” என்று மதுரையிலிருந்து ஒரு அக்கா கேட்டார். அங்கே பிடித்துக்கொண்டது பேச்சு. கேமராமேன் சலித்துப் போனாரா, கேலி செய்கிறாரா, அல்லது வர்க்கத்தைக் காட்டுகிறாரா? அப்போது நான் இன்னொரு தகவலைச் சொன்னேன். எதிர்த்தரப்பு ஆட்களைப் பேட்டி எடுக்கும்போது இந்தக் குழு சில இடங்களில் தங்களைக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் 13-ஆம் அலைவரிசை ஆட்கள் என்று சொல்லிக்கொண்டது. அந்த அலைவரிசை எதிர்க்கட்சி சார்பானது. உண்மையைச் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்காது.

இது சரியா? அரை மணி நேரத்துக்கு மேல் இதே கேள்விதான். அதுவரை ஒரு முறை கூட வாய் திறக்காத ஒரு பெண், பத்திரிகைத் துறையில் வேலை பார்த்தவர், “நான் இப்படிப் பொய் சொல்லி உள்ளே போயிருக்கேன். ஆனா அந்த வீட்டுக்காரங்களைக் கேலி பண்ணும் மாதிரி எடிட் பண்ணியிருக்க மாட்டேன்” என்றார். இன்னொருவர், “துப்பாக்கி யார் கையில போகப் போகுதுன்னு தெரிஞ்ச இடத்துல நாகரிகம் பார்க்க முடியுமா?” என்றார். அயெந்தே நல்லவரா கெட்டவரா என்று யாரும் கேட்கவே இல்லை. ஆனால் அந்தக் காலத்துச் சிலி எப்படிப் பிளந்து கிடந்தது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நான் மேலே சொன்ன வங்கி சார் அயெந்தேயின் பொருளாதாரக் கொள்கையை ஏற்காதவர். “தமிழில் குரல் கொடுத்தது நான்தான், அதனால் சொல்கிறேன், இது ஒருபக்கப் படம்” என்றார். உண்மை. படம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஒளிக்கவே இல்லை. கடையில் பொருள் இல்லாததற்குப் பதுக்கலையும் வேலைநிறுத்தத்தையும் காட்டுகிறது. அரசு நோட்டு அச்சடித்ததையும் விலைக் கட்டுப்பாட்டின் விளைவுகளையும் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1973-இல் விலைவாசி நூற்றுக்கணக்கான சதவீதம் ஏறிய நாடு அது. இப்படி ஒருவர் குழுவில் இருந்தால் அவரை மடக்க நினைக்காதீர்கள். அவரிடம் பத்து நிமிடம் கொடுங்கள். அடுத்த வாரத் தொடக்கத்தில் அவரையே, படம் சொல்லாத பொருளாதாரத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசச் சொன்னோம். வரைபடம் எல்லாம் போட்டு அழகாகப் பேசினார். அதன் பிறகு அவர் படத்தோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, “இந்த வரிசையை எந்தக் கடைக்கு முன்னால் எடுத்திருப்பார்கள்?” மாதிரியான கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்.

இரண்டாம் பாகம்தான் கடினம். முதல் பாகம் முடிவதும் இரண்டாம் பாகம் தொடங்குவதும் ஒரே காட்சியில். 1973 ஜூன் 29 அன்று ஒரு டாங்கிப் படைப்பிரிவு கலகம் செய்தது. அது அன்றே அடக்கப்பட்டது. அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த லியோனார்தோ ஹென்ரிக்சன் என்ற அர்ஜென்டினக் கேமராமேன், ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக வேலை செய்தவர், தன்னை நோக்கி ஒரு ராணுவ ஆள் துப்பாக்கியை நீட்டிச் சுடுவதைப் படம் பிடித்தார். பிடித்துக்கொண்டே விழுந்தார். அந்தக் காட்சியை நான் மறு ஓட்டத்துக்கு எடுக்கவில்லை. சில காட்சிகளை ஒரு முறைக்கு மேல் போடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். வேறு சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் எடுத்தது வேறு. அதிபரின் கடற்படை உதவியாளர் ஆர்துரோ அராயா 1973 ஜூலை 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கில் கேமரா அதிகாரிகளின் முகங்கள் மேல் ஒவ்வொன்றாக ஊர்கிறது. இறுக்கமான முகம், குனிந்த தலை, ஓரமாகப் பேசிக்கொள்ளும் இருவர். இன்னும் சில வாரங்களில் இந்தச் சீருடைகள்தான் ஆட்சியைக் கவிழ்க்கப் போகின்றன என்பது நமக்குத் தெரியும், எடுத்தவருக்கு அன்று தெரியாது. ஒலியில்லாமல் போட்டதும் சாட்டில் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். “அந்த மூணாவது ஆள் யாரு?” “அவரு ஏன் கேமராவைப் பார்க்குறாரு?” பெயர் தெரியாத முகத்துக்கு நாமே கதை கட்டிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. அதையும் ஒருவர் சொன்னார்: “பின்னாடி நடந்தது தெரிஞ்சதாலதான் நமக்கு எல்லா முகமும் சதிகாரன் முகமாத் தெரியுது.” அன்றைய கூட்டத்தின் மிகச் சிறந்த வரி என்று இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பாகம் குண்டு வீச்சோடும் ராணுவ ஆட்சிக் குழுவின் தொலைக்காட்சி உரையோடும் முடிகிறது. முடிந்தவுடன் பேச யாருக்கும் மனமில்லை. இப்படி இருக்கும் என்று எதிர்பார்த்து, இந்தப் பாகத்துக்கு மட்டும் உரையாடலை மறுநாள் மாலைக்கு வைத்திருந்தோம். மறுநாள் வருகிறவர்கள் எண்ணிக்கை குறையும், தெரிந்ததுதான். ஆனால் வந்தவர்கள் ஒரு இரவு யோசித்துவிட்டு வந்தார்கள், அதற்கு விலை கொடுக்கலாம்.

அங்கேதான் ஹோர்ஹே முல்லரின் கதையைச் சொன்னேன். அந்த வீட்டுக்குள் அலங்காரப் பொருட்கள் மேல் போன கேமரா அவருடையது, அதிகாரிகளின் முகங்கள் மேல் ஊர்ந்ததும் அவருடைய கேமராதான். 1974 நவம்பர் கடைசியில் அவரும் அவருடைய காதலியான நடிகை கார்மென் புவேனோவும் ரகசியப் போலீசால் பிடித்துச் செல்லப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. சிலியில் நவம்பர் 29 இன்றைக்குச் சினிமா நாள். பினோசே ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3,000-க்கு மேல் என்பது சிலி அரசே ஏற்றுக்கொண்ட கணக்கு.

டொராண்டோவில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மைக்கைத் திறந்து, “எங்கட ஊரிலயும் அம்மாமார் இப்பவும் ஃபோட்டோவோட ரோட்டில இருக்கினம்” என்று மட்டும் சொன்னார். ஒருங்கிணைப்பாளருக்கு அந்த இடத்தில் ஒரு சபலம் வரும், “இன்னும் சொல்லுங்கள் அக்கா” என்று கேட்க. கேட்காதீர்கள். அவர் சொல்ல நினைத்தால் சொல்வார். அவரை எங்கள் குழுவின் சாட்சியாக நிறுத்த எங்களுக்கு உரிமையில்லை. ஒருவருக்குச் சொந்த இழப்பு இருக்கலாம் என்பதால்தான் கூட்டத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று முதல் நாளே முடிவெடுத்திருந்தோம். பதிவு இல்லை என்று தெரிந்தால் மக்கள் பேசும் விதமே மாறுகிறது. வர முடியாதவர்கள் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

தகவல் சண்டைகளுக்கும் ஒரு வழி சொல்கிறேன். அயெந்தே சுட்டுக் கொல்லப்பட்டாரா, தற்கொலையா என்று இருவர் மோதிக்கொண்டார்கள். அந்தந்த நேரத்தில் கூகுளில் தேடி வாசிக்கத் தொடங்கினால் பேச்சு அறுந்துவிடும். எங்களிடம் ஒரு கல்லூரி மாணவி ‘தகவல் பார்ப்பவர்’ பொறுப்பில் இருந்தார். சர்ச்சை வந்தால் அவர் குறித்துக்கொள்வார், பேச்சு மேலே போகும். கூட்டம் முடியும்போது, நம்பகமான இடத்தில் கிடைத்ததை மட்டும் வாசிப்பார். 2011-இல் உடலைத் தோண்டியெடுத்து நடந்த தடயவியல் ஆய்வு தற்கொலை என்றே உறுதி செய்தது என்று அவர் வாசித்தபோது, மோதிய இருவரும் ஆறிப்போயிருந்தார்கள். அந்தப் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் கொடுப்பதில் இன்னொரு நன்மை, பெரியவர்கள் அவரிடம் குரலை உயர்த்த மாட்டார்கள். நம்ம ஊர்ப் பழக்கம் ஒரு முறையாவது உதவட்டுமே.

மூன்றாம் பாகத்துக்குக் கூட்டம் குறைந்தது. காரணம் படத்தின் அமைப்பு. ஆட்சி கவிழ்ந்த பிறகு மூன்றாம் பாகம் பின்னோக்கிப் போய், தொழிலாளர்கள் 1972 வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சாலைகளைத் தாங்களே ஓட்டியதையும், பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து ‘கொர்தோன்’ என்ற கூட்டமைப்புகளைக் கட்டியதையும், குடியிருப்புகளில் உணவுப் பங்கீட்டுக் குழுக்கள் அமைந்ததையும் காட்டுகிறது. கதை முடிந்துவிட்டதே என்று பலர் நினைத்துவிட்டார்கள். வந்தவர்கள் குழுவிலேயே அதிகம் பேசாதவர்கள். அவர்களில் மூவர் ஆலைத் தொழிற்சங்கங்களில் இருந்தவர்கள். தொழிலாளர்கள் தங்கள் சங்கத் தலைவரையே நேருக்கு நேர் மடக்கும் கூட்டக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, கோவைக்காரர் ஒருவர், “எங்க மில்லுல இதே மாதிரி ஒரு ஜெனரல் பாடி நடந்துச்சு. தலைவர் இதே மாதிரிதான் தலையைச் சொறிஞ்சாரு” என்றார். அன்றைக்கு நான் ஒரு கேள்வி கூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை. படத்தில் சுமை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் வீதியில் ஓடுவார், கேமராவும் விடாமல் கூடவே ஓடும். அதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினார்கள். வண்டியில் எடையை எங்கே வைத்திருக்கிறார், இறக்கத்தில் எப்படிப் பிடிப்பார் என்று. விமர்சகர்கள் யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்றைய இந்திய அரசியலை என்ன செய்வது? அது வராமல் இருக்காது, வரவும் வேண்டும். சிலியில் ஆட்சி கவிழ்ந்து இரண்டு வருடத்துக்குள் இங்கே நெருக்கடி நிலை வந்தது. எங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு அது சொந்த நினைவு. நாங்கள் வைத்த விதி ஒன்றுதான். முதல் ஒரு மணி நேரம் திரையில் பார்த்தது மட்டும். அதற்குப் பிறகு எதைப் பற்றியும் பேசலாம், ஒருவருக்கு இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் முடிந்தால் மியூட் போடும் வேலையை ஒருங்கிணைப்பாளர் செய்யக் கூடாது, பகை வரும். அதற்கு வேறு ஆள் வேண்டும், சிரித்த முகத்தோடு. முதல் ஒரு மணி நேரம் காட்சியைப் பற்றிப் பேசியவர்கள் அடுத்த பகுதியிலும் முழக்கமிடுவதில்லை. யார் கண்ணில் எது பட்டது என்று ஏற்கனவே தெரிந்துவிடுவதால் ஒருவரையொருவர் கட்சியாகப் பார்ப்பது குறைகிறது.

குஸ்மான் தன் சொந்த நாட்டில் இதே வேலையைச் செய்தார் என்பதை நாங்கள் பிறகுதான் படமாகப் பார்த்தோம். 1997-இல் வெளிவந்த ‘சிலி, ஆப்ஸ்டினட் மெமரி’யில், சிலிக்குத் திரும்பிய அவர் பழைய படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் பேசுவதைப் படம் பிடிக்கிறார். ஆட்சிக் கவிழ்ப்பை நியாயப்படுத்தும் மாணவர்கள் இருக்கிறார்கள், தேம்பி அழுபவர்கள் இருக்கிறார்கள். சிலியின் இலவசத் தொலைக்காட்சியில் ‘பேட்டில் ஆஃப் சிலி’ முதன்முறையாக ஒளிபரப்பானது 2021 செப்டம்பரில்தான். அதற்கு முன் அங்கே பலர் அதை இப்படிச் சின்னச் சின்ன அறைகளில்தான் பார்த்திருப்பார்கள். இந்தச் சின்னப் படத்தைத் தொடர் திரையிடலின் கடைசியில் வைப்பது நல்லது, ஒரு மணி நேரம்தான் ஓடும். முதலில் வைத்தால் எப்படி உணர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது குழுவில் அடுத்த படத்துக்கான பேச்சு நடக்கிறது. தொண்ணூறு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரம் கிடைக்க வேண்டும், எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் அனுமதி கிடைக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறோம். நான்காவதாக ஒன்றை வங்கி சார் சேர்த்தார்: யார் படத்தை முன்மொழிகிறாரோ அவரே பெயர்த்தாளும் தயாரிக்க வேண்டும். அது வந்ததிலிருந்து முன்மொழிவுகள் பாதியாகக் குறைந்துவிட்டன.